கெட்ட மீன்

பொருட்காட்சிகளிலும், பல் வைத்தியர்களின் முன்னறைகளிலும், சில பெரிய ஓட்டல்களிலும் கண்ணாடித் தொட்டியில் மீன் வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று, "எத்தனை நிறம், எத்தனை ஜாதி! எல்லாம் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கின்றன, பாருங்கள்! மனிதனுக்குத்தான் இந்தப் புத்தி வரவில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மேடைப் பேச்சாளர்கள் சிலரும் இந்த உவமையைக் கையாளக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொட்டி எப்படி உண்டாயிற்று என்று அறிந்தவர்களுக்கு, அந்த உவமை தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொள்ளும்.

ஏனென்றால், அந்த ஒற்றுமை மீன்களின் நற்குணத்தால் வந்தது அல்ல. யாரோ ஒருவர் கடையில் நின்று, "இது வேண்டாம், அதுவும் வேண்டாம், இதையும் அதையும் சேர்த்து வைக்கக் கூடாது" என்று தள்ளிக்கொண்டே வந்து, மிச்சமிருந்தவற்றை வாங்கியதால் வந்தது. வேளை தவறாமல் மேலேயிருந்து தீனி விழுவதால் அது நீடிக்கிறது. தள்ளப்பட்ட மீன்கள் கடையிலேயே இருக்கின்றன. அவற்றை யாரும் உவமைக்கு அழைப்பதில்லை.

மீன் தொட்டியைப் பற்றி எழுத வந்தவன் எதற்காகத் தர்ம நியாயத்தில் நுழைகிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். என்னைப் பொறுத்தவரையில், இன்ன மீனோடு இன்ன மீனைச் சேர்த்து வைக்கலாம் என்று தீர்மானிப்பது முதலில் ஒரு தர்ம நியாய விஷயம். அலங்காரமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நடுத்தரக் குடும்பத்து வீட்டுக் கூடத்தில் வைக்கிற தொட்டி அநேகமாக 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் இருக்கும். கணக்குப் போட்டால் 56 லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும். கூழாங்கல்லும் மணலும் போனால் 50 லிட்டர். குளிக்கிற பக்கெட்டில் மூன்று பக்கெட் தண்ணீர். அமேசான் காட்டு ஓடைகளிலிருந்தும், சுமத்ரா தீவிலிருந்தும், தாய்லாந்து வயல்களிலிருந்தும் கிளம்பிய வம்சங்களை இந்த மூன்று பக்கெட் தண்ணீருக்குள் குடிவைக்கிறோம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், இதற்கு நிறப் பொருத்தம் ஒன்றைத்தான் பார்க்கிறோம்.

பார்க்க வேண்டிய பொருத்தங்கள் உண்டு. முதலில் தண்ணீர். சென்னையில் பல வீடுகளில் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருவது சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர். கப்பியும் மாலியும் பிளாட்டியும் அதில் ஆனந்தமாகக் குட்டி போடும். நீலமும் சிவப்புமாக மின்னுகிற நியான் டெட்ராவோ, இலைகள் ஊறிப் பழுப்பேறிய மென்மையான நீரில் பிறந்த குலம். கடின நீரில் அதன் வாழ்வு வாடிய வாழ்வுதான். அடுத்தது சூடு. தங்கமீன் சீன தேசத்தில் ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக மனிதன் கையில் வளர்ந்தது. குளிர்ந்த நீரை விரும்புவது, கழிவும் ஏராளமாக விடுவது. வெப்ப நாட்டு மீன்களோடு அதைப் போட்டால் இரண்டில் ஒரு கட்சிக்கு எப்போதும் அசௌகரியம். இந்தப் பொருத்தங்கள் தப்பினால் சண்டை வராது. மெதுவாக நோய் வரும். யாரும் யாரையும் கடிக்காமலே ஒரு தொட்டி காலியாகிவிடலாம். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள் போதுமான அளவு பெருகுவதற்கே நான்கிலிருந்து ஆறு வாரங்கள் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் முதல் நாளே இருபது மீன்களை விட்டுவிட்டு, பத்தாம் நாள், "ராசியில்லாத தொட்டி" என்று சொல்கிறவர்களும் உண்டு.

இவையெல்லாம் புத்தகத்தில் கிடைக்கிற சமாசாரங்கள். எனக்கு அக்கறை அடுத்த பொருத்தத்தில்தான்: வாயின் பொருத்தம்.

மீனுலகத்தில் பொதுவாக ஒரு சட்டம் உண்டு. வாய்க்குள் அடங்குவது உணவு, அடங்காதது அயலான். இதில் துவேஷமும் இல்லை, தந்திரமும் இல்லை. ஏஞ்சல் என்கிற மீன் கடையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, பட்டுத் துணியை முக்கோணமாகக் கத்தரித்தது போல் இருக்கும். அதன் பெயரே தேவதை. நியான் டெட்ராக்களோடு ஒரே தொட்டியில் அழகாக உலாவும். எட்டு மாதம், பத்து மாதம் ஆனதும் அது உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்துவிடும். நியான் வளர்ந்தாலும் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் நியான்களை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

எங்கள் எதிர் வீட்டில் இப்படித்தான் நடந்தது. வீட்டுக்காரர் பாங்கில் உத்தியோகம் பார்க்கிறவர். கொளத்தூருக்கு ஞாயிற்றுக்கிழமை போய், மகன் கேட்டபடி இரண்டு ஏஞ்சலும் பத்து நியானும் வாங்கி வந்தார். கொளத்தூர், சென்னையில் வண்ணமீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர்போன இடம். அங்கே தெருவுக்குத் தெரு தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பது ஒரு கோயில் திருவிழாவைப் பார்ப்பது போல இருக்கும். பத்து நியான் ஏழாகி, நாலாகி, ஒரு நாள் ஒன்றாயிற்று. அன்று பையன் என்னிடம் ஓடி வந்தான்.

"மாமா, ஏஞ்சல் கெட்ட மீன் மாமா. எல்லாத்தையும் தின்னுடுச்சு."

பின்னாலேயே அவன் தகப்பனார் வந்தார். "ஆமாம் சார். சாது மீன்னு சொல்லித்தான் கடையில கொடுத்தான். பெயரைப் பாருங்க, ஏஞ்சலாம்! ஏரியில கொண்டுபோய் விட்டுடலாம்னு பார்க்கிறேன்."

"அவர் சொன்னபோது சாதுதானே? அன்றைக்கு அதன் வாய் அவ்வளவுதான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பையன் சிரிக்கவில்லை. அவனுக்கு வழக்குத் தீராமல் இருந்தது.

"அப்போ யாரு மாமா கெட்டவங்க?"

நான் பதில் சொல்லவில்லை. தகப்பனார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒருவரைக் 'கெட்டவர்' என்று சொல்ல வேண்டுமானால், அவருக்கு வேறு விதமாக நடந்துகொள்ள வழி இருந்திருக்க வேண்டும். ஏஞ்சலுக்கு அந்த வழி இல்லை. நதியில் நியானும் அதைப் போன்ற பொடி மீன்களும் அதற்கு இயற்கையான இரை. ஓடித் தப்ப நியானுக்கும் வழி இல்லை. வழி இருந்தது ஒருவருக்கு மட்டுமே: கடையில் நின்று விரல் நீட்டியவருக்கு. வழி இருந்தவரை விட்டுவிட்டு வழி இல்லாததற்குத் துஷ்டப் பட்டம் கட்டுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன்; வில்லன் என்ற சொல் எவ்வளவு சௌகரியமானது என்று எனக்குத் தெரியும்.

சண்டை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் 'ஃபைட்டர்' என்று சொல்லும் இந்த மீனைத் தாய்லாந்து தேசம் 2019ஆம் வருஷம் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் துடுப்பு கிழியும் வரை, சில சமயம் ஒன்று சாகும் வரை, சண்டை நடக்கும். "என்ன கொடூரம்!" என்கிறோம். ஆனால் வயலிலும் சதுப்பிலும் நடப்பது வேறு. இரண்டும் செவுள் மூடியை விரித்து, நிறம் காட்டி, சற்று மோதிப் பார்க்கும், தோற்றது போய்விடும். வென்றதற்கு அதைத் துரத்திக்கொண்டு போய் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. தொட்டியிலோ தோற்றது எங்கே போகும்? இரண்டு அடி போனால் கண்ணாடி, திரும்பினால் வென்றவன். தோல்வி ஒரு தடவை நடந்து முடிகிற சம்பவமாக இல்லாமல், நாள் பூராவும் தோற்றுக்கொண்டே இருக்கிற நிலைமை ஆகிவிடுகிறது. கொலையில் பாதிப் பங்கு சண்டை மீனுடையது என்றால், மற்றப் பாதி அந்தக் கண்ணாடியுடையது.

இதில் இன்னொரு வேடிக்கை, நம்முடைய 'ஜோடி'. நம் ஊர் மீன் கடையில் யாரும் "ஒன்று என்ன விலை?" என்று கேட்பதில்லை, "ஜோடி என்ன விலை?" என்றுதான் கேட்கிறார்கள். ஒன்றாக வாங்கினால் பாவம், தனியாக இருக்குமே என்ற இரக்கம். இரக்கம் நல்லதுதான். ஆனால் யாருடைய தனிமைக்கு இரங்குகிறோம்? ஆண் சண்டை மீனுக்குத் தனிமைதான் நிம்மதி; ஒளிந்துகொள்ளச் செடியும் நீந்த இடமும் கொடுத்தால், துணை கொடுக்காததே நாம் அதற்குச் செய்கிற உபகாரம். (அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக் கூடியது என்பதற்காக, டம்ளர் அளவுக் குவளையில் அடைத்து மேஜை மேல் வைப்பது உபகாரம் ஆகாது.) நியான் டெட்ராவுக்கு ஜோடி என்பதே தனிமை. அது கூட்டத்தில் பிறந்த ஜீவன். ஆறு பேராவது பக்கத்தில் இருந்தால்தான் அதற்குப் பயம் தெளியும். கப்பியில் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி வாங்குகிறவர், பார்வைக்கு ஒரு சின்னக் குடும்பத்தை வாங்குகிறார். உண்மையில் அந்த ஆண், விழித்திருக்கிற நேரமெல்லாம் அந்த ஒரே பெண்ணைத் துரத்திக்கொண்டிருக்கும். அவளுக்கு இளைப்பாற மூலை கிடையாது. நாலு வாரத்துக்கு ஒரு முறை பிரசவம் வேறு. ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும், அல்லது ஆண்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஜோடி என்ற நம் மங்கலச் சொல், தொட்டிக்குள் போனதும் ஒன்றுக்குத் துன்பமாகவும், ஒன்றுக்குப் பயமாகவும், ஒன்றுக்கு யுத்தமாகவும் மாறிவிடுகிறது.

டைகர் பார்ப் என்று ஒரு வரிமீன், சுமத்ரா, போர்னியோ பக்கத்தது. இரண்டு மூன்றாக வைத்தால் அயல் மீன்களின் துடுப்பையெல்லாம் கடித்துக் குதறிவிடும். எட்டுப் பத்தாக வைத்தால் தங்களுக்குள்ளேயே விரட்டிப் பிடித்து விளையாடிக்கொண்டு மற்றவர்களை அநேகமாக மறந்துவிடும். அதே மீன்தான். போக்கிரித்தனம் அதன் சுபாவத்தில் எவ்வளவு இருக்கிறது, எண்ணிக்கையில் எவ்வளவு இருக்கிறது என்று எந்த நீதிபதியால் பிரித்துச் சொல்ல முடியும்?

ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி கான்ராட் லாரன்ஸ் மிருகங்களின் சண்டையைப் பற்றி 1963இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். 'தீமை என்று சொல்லப்படுவது' என்பது அதன் தலைப்பின் பொருள். பத்து வருஷம் கழித்து அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த நூலில் அவர் சொல்கிற ஒரு விஷயம் குடும்பஸ்தர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஏஞ்சலின் உறவினமான சிக்லிட் மீன்களில், ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடியை மட்டும் தொட்டியில் விட்டால், சில இனங்களில் ஆண் தன் மனைவியையே தாக்கத் தொடங்கிவிடுமாம். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து அந்தப் பக்கம் இன்னொரு ஜோடியைக் குடிவைத்தால், இரண்டு வீட்டுக்காரர்களும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, தத்தம் வீட்டில் பரம சாதுவாக இருப்பார்களாம். தடுப்பில் பாசி படர்ந்து அயலான் முகம் மறைந்துவிட்டால், மறுபடி மனைவிக்குக் கஷ்டகாலம். கண்ணாடியைத் துடைத்துவிட்டால் வீடு மீண்டும் அமைதி.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கலக்கமும் வந்தது. வீட்டுச் சமாதானம் என்று நாம் போற்றுவதில் எவ்வளவு பங்கு, பக்கத்து வீட்டுக்காரர் மேல் நாம் வைத்திருக்கிற கோபத்தின் உபயம்?

லாரன்ஸைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. இவ்வளவு கூர்மையாக மீனைப் பார்த்தவர், 1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். ஒத்துப்போகிறவர்களை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு மற்றவர்களை அகற்றிவிட்டால் தேசம் சுத்தமாகிவிடும் என்று நம்பிய கட்சி அது. தொட்டிக்கு நியாயமாக இருக்கிற காரியம் தேசத்துக்கு மகா பாதகமாகிறது. 'மீன்களைப் பார், எவ்வளவு ஒற்றுமை!' என்கிற மேடைப் பேச்சு என் தொண்டையில் முள்ளாகச் சிக்குவது இதனால்தான். தேர்ந்தெடுத்துச் சேர்த்த ஒற்றுமையை முன்மாதிரி என்று காட்டினால், கேட்கிறவன் அடுத்து யோசிப்பது, யாரை வெளியே தள்ளலாம் என்பதைத்தான். மனிதர்களுக்கு வேண்டியது வேறு: இடமும், தோற்றுவிட்டால் வெளியே போக ஒரு கதவும். ஒரே சமையலறையில் மூன்று மருமகள்களை அடைத்துவிட்டு, மூத்தவள் ராட்சசி, நடுவிலவள் கோள்சொல்லி என்று பெயர் வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தனிக் குடித்தனம் போன ஆறே மாதத்தில் அந்த ராட்சசியே தீபாவளிக்குப் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு ஓரகத்தி வீட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் மீனே வளர்க்கக் கூடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பது நியாயம்தான். அடைத்து வைப்பது அடைத்து வைப்பதுதான். அதற்கு மெருகு பூச நான் விரும்பவில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் கப்பியும் தங்கமீனும் எத்தனையோ தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. அவற்றுக்குத் திரும்பிப் போக ஓர் ஆறு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலிருந்து பிடித்து வரப்படுகிற 'மிஸ் கேரளா' மீனின் கதை வேறு. கடைக்காக அளவின்றிப் பிடித்ததும் ஒரு காரணமாக, அது அழியும் அபாயத்துக்கு வந்துவிட்டது. ஆற்றிலிருந்து பிடித்ததை வாங்குவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அது வேறு அரை அடி வரை வளர்வது, கூட்டமாக இருந்தால்தான் உயிர் தரிப்பது. மூன்று பக்கெட் தண்ணீரில் அதற்கு என்ன வேலை?

சின்னத் தொட்டிக்கு என் யோசனையைக் கேட்டால், ஒரே கூட்டமாக ஜீப்ரா மீன் எட்டு வாங்குங்கள் என்பேன். வரிக்குதிரை போல் கோடு போட்ட இந்தச் சிறு மீன் நம் தேசத்து மீன்தான். கங்கை மீன்களைப் பற்றி 1822இல் எழுதிய ஃபிரான்சிஸ் ஹாமில்டன் அதற்கு முதலில் பெயர் சூட்டினார். கடின நீரையும் சகித்துக்கொள்ளும். சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தாங்கும். இல்லையென்றால் ஆண் கப்பிகள் ஆறும், அடியில் மேய்கிற கோரிடோரஸ் ஆறும். ஒன்று மேல்தட்டில், ஒன்று தரையில். ஒன்றின் வழியில் மற்றது குறுக்கிடாது. அடியில் கூரான கல் கூடாது, மணல் வேண்டும். இல்லாவிட்டால் கோரிடோரஸின் மீசை தேய்ந்து புண்ணாகும். இதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். "தொட்டி காலியாக இருக்கிறதே" என்று வருகிற விருந்தாளிகள் சொல்வார்கள். காலியாகத் தெரிகிற அந்த இடம்தான் மீன்கள் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கிற விலை.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி ஒரு சக்கர் மீனைக் கடையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்கும்போது அது விரல் நீளம். வளர்ந்தால் ஓரடிக்கு மேல், அதாவது தொட்டியின் அகலத்தைவிட அதிகம். அப்போது எல்லாரும் செய்வது எதிர் வீட்டுக்காரர் செய்ய நினைத்ததைத்தான்: ஏரியில் விட்டுவிடுவது. விட்டவர்களுக்கு ஜீவகாருண்யம் செய்த திருப்தி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் குடியேறிப் பெருகி, வலை போடுகிறவர்களுக்கும் உள்ளூர் மீன்களுக்கும் உபத்திரவமாகிவிட்டது. ஏரியில் இருக்கிற கெண்டையையும் கெளுத்தியையும் யாரும் பொருத்தம் கேட்கவில்லை. வாங்கின கடையில் திருப்பிக் கொடுக்கலாம், பெரிய தொட்டி வைத்திருக்கிறவரைத் தேடிக் கொடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் இன்னொரு தொட்டி வாங்க வேண்டியதுதான். எதிர் வீட்டில் கடைசியில் அதைத்தான் செய்தார்கள்.

ஏஞ்சல் மீன் நன்றாகப் பராமரித்தால் பத்து வருஷம்கூட உயிரோடு இருக்கும். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பையன் ஆசைப்பட்டான் என்று வாங்கினால், அவன் காலேஜுக்குப் போகிற வரையில் வாராவாரம் தண்ணீர் மாற்றுகிற வேலை வீட்டில் யாராவது ஒருவருக்கு இருந்துகொண்டே இருக்கும். அநேகமாக அது அவன் அம்மாவாக இருக்கும். மீன் வாங்கக் கொளத்தூருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்.